செத்தவர்களுக்குச் சம்பளம் போடுகிறவள்

அலுவலகத்தில் அவளுக்குச் சம்பளக்காரி என்று பெயர். கை நிறையச் சம்பளம் வாங்குகிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான்கு வருடமாக அவளுக்கு ஒரு காசு ஏறவில்லை. செத்துப்போனவர்களுக்குச் சம்பளம் போடுவது அவள் வேலை.

கம்பெனி நடத்துவது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அந்த ஆட்டத்தை ஆடிய அத்தனை பேருடைய கணக்கும் கம்பெனியின் கையில் இருந்தது. பணம் கட்டிச் சேருகிற எவரும் அவர்களில் இருபத்தைந்து பேரைப் பொறுக்கி ஓர் அணி கட்டலாம். தாத்தா காலத்து வீச்சாளரும் பேரன் காலத்து மட்டையாளரும் ஒரே அணியில் ஆடுவார்கள். கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஆடி முடித்து, காலையில் முடிவைச் சொல்லும். ஒரே ஒரு நிபந்தனை. அணியின் மொத்தச் சம்பளம் நூறு கோடியைத் தாண்டக் கூடாது. கோடியெல்லாம் திரையில் மட்டும்தான். ஆனாலும் அதற்காக வரும் சண்டை நிஜச் சண்டை.

வருடத்துக்கு ஒரு முறை சம்பளத் திருத்தம். எல்லோரும் அள்ளிக்கொண்டு போகிற ஆட்டக்காரனுக்கு விலை ஏறும். சீந்துவாரற்றுக் கிடப்பவனுக்கு இறங்கும். புதிய பட்டியல் வெளியாகிற செவ்வாய்க்கிழமை அவளுடைய தொலைபேசி வாய் மூடாது.

அந்தச் செவ்வாயும் அப்படித்தான். முதல் அழைப்பே ஒரு பல் டாக்டர்.

“பதினோரு வருஷமா என் டீம்ல இருக்கான்ம்மா அந்தப் பையன்! போன வருஷம் நாலு கோடி, இப்ப ஆறா? பகல் கொள்ளை!”

“சார், அந்தப் பையன் செத்து எழுபது வருஷம் ஆச்சு.”

“அதைத்தான் நானும் கேக்கறேன்! செத்தவனுக்கு எதுக்கு ஆறு கோடி?”

பக்கத்து மேஜையில் அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார். அவள் முறைத்தாள்.

“சார், அவர் ஆடின வருஷம் போர் வந்து ஆட்டத்தைச் சீக்கிரமே மூடிட்டாங்க. நம்ம கணக்குல அது முழு வருஷம்னு தப்பாப் பதிஞ்சிருந்தது. குறைஞ்ச நாள் ஆடினதால குறைஞ்ச பேரைத்தான் அவர் அவுட் ஆக்கியிருக்கார். அது அவர் தப்பில்லையே. முழு வருஷம் ஆடியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு பெருக்கித்தானே சார் விலை போடணும்?”

“உன் பெருக்கலைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!” என்று டாக்டர் போனை வைத்தார்.

“பாவம்” என்றார் அத்தான். “பல்லைப் பிடுங்கற ஆளு. இன்னிக்கு நீ அவர் பல்லைப் பிடுங்கிட்டே.” சொல்லிவிட்டு இருமினார். இருமல் வந்ததும் நாற்காலியில் இருந்த சின்னத் தலையணையை எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அப்படித்தான் இருமவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஐந்து மாத விடுப்புக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். கம்பெனியில் அவர் வேலை பழைய செய்தித்தாள்களைப் படிப்பது. மங்கிப்போன பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மூன்றா எட்டா என்று பார்த்துப் பார்த்து, கணக்கில் இருக்கும் பிழைகளைத் திருத்துவார். டாக்டரின் பையனுடைய வருடத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அவள் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோது, மூன்று ஆண்டுகள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தனி அறை, தனி அடுப்பு. வாடகை மட்டும் சம்பளத்தில் பாதியை விழுங்கும்.

அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரங்கள் துணியைப் பிழிய ஆரம்பித்தால் மேலே தரை நடுங்கும். கோப்பையில் காபி வட்டம் போடும். சோப்பு வாசனை படியேறி வரும். சம்பளம் ஏறாவிட்டாலும் சுத்தமான கம்பெனி என்று அத்தான் சொல்வார்.

புதன்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். அப்பா விட்டுப்போன கம்பெனி. எல்லோரையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதைக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

“உக்காருங்க மேடம். கதவைச் சாத்திடுங்க. போன வருஷம் வாடிக்கையாளர் எட்டாயிரம். இப்ப அஞ்சாயிரத்துச் சொச்சம். பேங்க்காரன் கழுத்துல கத்தி வச்சிருக்கான். பதினாலு பேர்ல மூணு பேரை அனுப்பணும்.”

மூன்றில் ஒன்று தானோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

“நானே பேர் சொன்னா, பிடிக்காதவனைத் துரத்திட்டான்னு பேசுவாங்க. நீங்க போடுங்க.”

“நானா?”

“ஆட்டக்காரங்களுக்குப் போடற அதே கணக்கு. வாங்கற சம்பளத்துக்கு எவ்வளவு வேலை நடந்திருக்குன்னு பாருங்க. போன வருஷம் அவங்கவங்க முடிச்ச வேலையை நான் புள்ளியா மாத்தித் தர்றேன். பேர் இருக்காது, ஒண்ணுலேருந்து பதினாலு வரைக்கும் நம்பர்தான். பேரை மறைச்சுட்டுத்தானே நீங்க எப்பவும் போடுவீங்க?”

அது உண்மை. பெயரை மறைப்பது அவளே கொண்டுவந்த வழக்கம். பெயரைப் பார்த்தால் பாசம் வரும், பாசம் வந்தால் ஒரு கோடி கூடிவிடும் என்று அவள்தான் அடம்பிடித்து வாங்கிய விதி.

“சார், அவங்க செத்தவங்க.”

“முப்பதாயிரம் பேருக்குப் போடறீங்க. பதினாலு பேருக்குப் போடறதா கஷ்டம்?” முதலாளி சிரித்தார்.

“என் நம்பரும் இருக்குமா?”

“எல்லார் நம்பரும் இருக்கும். என்னோடதைத் தவிர.”

மறுநாள் தாள் வந்தது. அதைத் திரையில் விரித்ததும் அவள் முதலில் தேடியது தன்னைத்தான். கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. நான்கு வருடமாக மாறாத ஒரு தொகை, உடம்பில் இருக்கும் தழும்பு மாதிரி, எங்கே பார்த்தாலும் தெரியும். ஆறாம் எண்.

அதற்குப் பிறகு அவள் வேறு எண்ணைப் பார்த்தாளா? பிற்பாடு பல தடவை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அத்தான் என்ன சம்பளம் வாங்குகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. அக்கா அதை யாரிடமும் சொன்னதில்லை. இருந்தாலும் பதினோராம் எண்ணுக்கு எதிரே வேலைப் புள்ளி ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறது என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. விளம்பரப் பிரிவில் நாற்காலியைத் தேய்க்கும் அந்த மனுஷனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கணக்கை ஓடவிட்டாள். முடிவு அடியிலிருந்து மேலே வந்தது. நான்காம் எண், முப்பத்தெட்டு. ஒன்பதாம் எண், நாற்பத்தேழு. பதினோராம் எண், ஐம்பத்திரண்டு. அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே முதல் ஆள், ஆறாம் எண், ஐம்பத்தைந்து.

தப்பித்தாள். மூன்றே புள்ளியில் தப்பித்தாள். அதை முதலாளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கேக் துண்டு வாங்கினாள். கடை வாசலிலேயே நின்று, பசித்தவள் போல அதைத் தின்றாள்.

திங்கட்கிழமை காலை மூன்று மேஜைகளில் மூன்று உறைகள் இருந்தன. பார்சல் அனுப்பும் பெண்ணின் மேஜையில் ஒன்று. அந்தப் பெண் அப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். விளம்பரக்காரர் மேஜையில் ஒன்று. மூன்றாவது அவள் பக்கத்து மேஜையில்.

அத்தான் கடிதத்தைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பழைய செய்தித்தாளைப் படிக்கிற மாதிரியே, வரிக்கு வரி விரலை வைத்து, இரண்டாம் முறையும் படித்தார்.

“எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு, “மதிப்பீட்டு முறைன்னு போட்டிருக்கான். என்ன முறைம்மா அது?”

“தெரியலையே அத்தான்.”

வியாழக்கிழமை மாலைக்குள் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளம். பிறகு எந்தப் புகாரும் கொடுக்கக் கூடாது. போடாவிட்டால் ஒரு மாதச் சம்பளம். மருத்துவக் காப்பீடு எப்படியும் இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும். அவருடைய மாத்திரைகளும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் பரிசோதனையும் அந்தக் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் போகவில்லை. தாளை மறுபடி திறந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தெரிந்துவிட்டது.

ஆட்டக்காரர்களின் தாளில் “பருவ நீளம்” என்று ஒரு கட்டம் உண்டு. ஆட்டம் பாதியில் நின்ற வருடமென்றால் அதில் குறிப்பு இருக்கும். கம்ப்யூட்டர் நிரல் அதைப் பார்த்துத் தானாகப் பெருக்கிக்கொள்ளும். முதலாளி கொடுத்த தாளில் அந்தக் கட்டமே இல்லை. கட்டம் இல்லையென்றால் எல்லோரும் முழு வருடம் ஆடியதாகத்தான் நிரல் எடுத்துக்கொள்ளும். பதினோராம் எண் அத்தான்தான். அவர் ஆடியது ஏழு மாதம். அந்த ஏழு மாத வேலையைப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு நிறுத்தி, இவன் தேறமாட்டான் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

யாரோ ஒரு பல் டாக்டருக்குத் தொலைபேசியில் விளக்கத் தெரிந்த விஷயம், பக்கத்து மேஜைக்காரருக்குப் பயன்படவில்லை.

பெருக்கிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு, எண்பத்தொன்பது ஆனது. பதினாலு பேரில் மேலிருந்து மூன்றாம் இடம். அவர் மேலே போனதும் கோட்டுக்குக் கீழே ஓர் இடம் காலியானது. அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்பதற்குக் கணக்கே வேண்டாம். ஆறாம் எண்.

திருத்திய தாளை அச்செடுத்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கீழே இயந்திரங்கள் பிழிய ஆரம்பித்தன. தரை நடுங்கியது.

செவ்வாய் மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். படியேறும்போதுகூட முதல் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்கா கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டாள். “வாடி. வந்து பாரு இந்த அநியாயத்தை. நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சு ஆறு மாசம் முழுசா ஆகல, தையல் காயறதுக்குள்ள வேலையைப் பிடுங்கிட்டானுங்க. இருபத்தியொரு வருஷம்டி! நாய்க்குக்கூட இருபத்தியொரு வருஷம் சோறு போட்டா வாலை ஆட்டும்.”

“இருபத்தியொரு வருஷம் எந்த நாயும் இருக்காதுடி” என்றார் அத்தான் சோபாவிலிருந்து.

“நீங்க சும்மா இருங்க. இந்த வாய்தான் உங்களைக் கெடுத்தது. முதலாளி சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கத் தெரியாது, இங்க வந்து ஜோக்கு.”

அக்கா தட்டை வைத்தாள். சாப்பாட்டைப் போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள். “யாரோ கணக்குப் போட்டாங்களாம்ல, கணக்கு. அதைப் போட்டவ எவளோ எவனோ, அந்தக் கை விளங்காமப் போகும் பாரு. ஒரு வாய் சோறு எடுத்து வாயில வைக்க முடியாமப் போகும்.”

அவள் கை தட்டில் இருந்தது. விரல்கள் சோற்றில் அப்படியே நின்றன.

“சாபம் குடுக்காதே” என்றார் அத்தான். “கணக்குப் போட்டவங்க கண்ணுக்குத் தெரிஞ்சதைப் போட்டிருப்பாங்க. நான் அஞ்சு மாசம் படுத்துட்டேன்ல. வேலை குறைஞ்சு தெரியத்தான் செய்யும்.” பிறகு அவளைப் பார்த்தார். “நம்ம சம்பளக்காரி போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது. இவ கணக்குன்னா கணக்கு. யார் போட்டதுன்னு ஏதாவது காதுல விழுந்துதாம்மா?”

இதோ, வாசலைத் திறந்து வைத்து வா என்கிறார். ஒரு வார்த்தை போதும்.

“இல்ல அத்தான்” என்றாள். “வெளியில குடுத்துப் போட்டாங்க போல.”

சாப்பிட்டு முடித்தாள். கை கழுவினாள். அக்கா மாத்திரைகளை ஒரு தட்டில் எண்ணி வைத்தாள், மொத்தம் ஆறு. அத்தான் ஒவ்வொன்றாக விழுங்கினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு நியாயங்கள் வரிசை கட்டி வந்தன. அத்தானுக்கு அக்கா இருக்கிறாள். அக்கா குழந்தைகள் காப்பகத்தில் அரை நாள் வேலை பார்க்கிறாள். எனக்கு யார்? நாற்பத்தாறு வயதில், செத்தவர்களுக்கு விலை போடத் தெரியும் என்று போய் நின்றால் எந்தக் கம்பெனி கதவு திறக்கும்? அத்தானுக்கு எப்படியும் இன்னும் நாலைந்து வருடம்தான். அந்தக் கடைசி நியாயம் மனதில் வந்தபோது அவளுக்கே கூசியது. ஆனால் அதையும் அவள் தூக்கி எறியவில்லை. மற்றவற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை முதலாளியின் கண்ணாடி அறைக்குள் வெளியாள் யாரும் இல்லை. அவர் தனியாகத்தான் இருந்தார். போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று இவள் காபி எடுக்கப் போனாள். காபியோடு திரும்பியபோது அவர் போனில் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாளைக்கு மாலை வரை நேரம் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டாள்.

மாலை வரை யார் காத்திருப்பார்கள்? வியாழன் காலை பதினோரு மணிக்கே அத்தான் பேனாவை எடுத்தார்.

“அத்தான், அவசரப்படாதீங்க” என்றாள். நிஜமாகவே சொன்னாள். “சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குல்ல.”

“சாயங்காலம் போட்டா மட்டும் என்ன, கையெழுத்து மாறிடப் போகுதா?” என்று சிரித்தார். “மூணு மாசச் சம்பளம்மா. ஒரு மாசத்தைவிட ரெண்டு மாசம் அதிகம். இந்தக் கணக்கு எனக்கே வருது.”

கைப்பை அவள் மடியில் இருந்தது. அதன் ஜிப்பில் அவள் விரல் இருந்தது. அவர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஒருமுறை சரிபார்த்து, தாளை முதலாளி அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வந்து தலையணையையும் கண்ணாடிக் கூட்டையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் முதலாளி எதிரே போய் நின்றாள். மடித்த தாளை விரித்து வைத்தாள். விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் ஆனது. முதலாளி கவனமாகக் கேட்டார்.

“அப்ப அவருக்குப் பதில் நீங்க.”

“ஆமா சார்.”

“இது எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

முதலாளி தாளின் கீழ் மூலையைப் பார்த்தார். அச்சடித்த தேதியும் நேரமும் அங்கே இருந்தன. திங்கட்கிழமை, மதியம் ஒன்று இருபது. அவர் புருவத்தை உயர்த்தினார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

“நேத்து காலைல கொண்டு வந்திருந்தா மாத்தியிருப்பேன் மேடம். உண்மையாச் சொல்றேன். இப்ப அவர் கையெழுத்துப் போட்டுட்டார். பேங்க்குக்கு லிஸ்ட் போயாச்சு. மூணு பேர் கேட்டாங்க, மூணு பேர் குடுத்தாச்சு.”

“சார், அவர் அஞ்சு மாசம் லீவுல இருந்தார்னு உங்களுக்குத் தெரியும். பேரெல்லாம் உங்ககிட்ட இருந்தது.”

“தெரியும். நீங்க அதையும் சேர்த்துத்தான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். கணக்குன்னா உங்களை நம்பி நான் கண்ணை மூடிடுவேன். உங்களுக்கே தெரியும்.” தாளை மடித்து அவள் பக்கமாகத் தள்ளினார். “இதை எடுத்துட்டுப் போங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகல. நிம்மதியா இருங்க.”

அவள் வெளியே வந்தாள். நிம்மதியாக இருங்கள் என்று அவர் சொன்னபோது உள்ளே எங்கேயோ ஒரு மூலை நிஜமாகவே நிம்மதிப்பட்டது. அந்த மூலையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டில் ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. அத்தான் உள் அறையில் படுத்திருந்தார். அக்கா சமையலறைத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை முழங்கை வரை இருந்தது.

“அக்கா, அந்தக் கணக்கைப் போட்டது நான்தான்.”

அக்கா திரும்பவில்லை. தேய்ப்பது மட்டும் மெதுவானது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் மறைத்த தாள், விடுபட்ட கட்டம், பெருக்கல், முதலாளியிடம் போனது. சொல்லச் சொல்ல, ஒரு பிழையைப் பற்றிய கதையாகத்தான் அது வந்தது. யாருக்கும் வரக்கூடிய பிழை.

அக்கா குழாயை மூடினாள்.

“தெரியாமப் போட்டுட்டே.”

“ஆமாக்கா.”

“தெரிஞ்சது எப்போ?”

இன்று என்று சொல்லலாம். நேற்று என்று சொல்லலாம். அந்தத் தாளை அக்கா பார்க்கப்போவதில்லை.

“திங்கக்கிழமை.”

அக்கா ஈரக் கையோடு நின்றாள். உதடு அசைந்தது. செவ்வாய், புதன், வியாழன். செவ்வாய் என்றபோது அவள் கண் ஒருமுறை சாப்பாட்டு மேஜைக்குப் போய்த் திரும்பியது.

“இங்க உக்காந்து சாப்பிட்டுப் போனே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அக்கா துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“ஏங்க. கொஞ்சம் எழுந்து வாங்க. இவ உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்.”

“அக்கா, வேண்டாம்...”

“என்கிட்ட சொல்லி என்னடி ஆகும்? கையெழுத்துப் போட்டது நானா?”

கட்டில் கிரீச்சிட்டது. செருப்புகள் தேய்ந்து தேய்ந்து வந்தன. வழியில் ஒரு இடத்தில் நின்றன, மறுபடி வந்தன. அத்தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தூக்கத்தில் ஒரு பக்கக் கன்னத்தில் கோடு விழுந்திருந்தது.

“என்ன, ரெண்டு பேரும் உர்ருனு நிக்கறீங்க? சம்பளக்காரிக்குச் சம்பளம் ஏறிடுச்சா?”

“அத்தான், பதினோராம் நம்பர்...” என்று ஆரம்பித்தாள். “முதலாளி குடுத்த தாள்ல பருவ நீளம் கட்டம் இல்ல. நான் கவனிக்காம...”

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபத்தியொரு வருடம் பிழை பிடித்த மனுஷர். அவர் முகத்தில் கணக்கு ஓடுவதை அவளால் பார்க்க முடிந்தது. ஏழு மாதம், பன்னிரண்டு மாதம்.

“பெருக்கலை விட்டுட்டியா?”

“ஆமா அத்தான்.”

“பெருக்கினா எவ்வளவு?”

“எண்பத்தொன்பது.”

ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. எண்பத்தொன்பது என்றால் நல்ல புள்ளி என்று அவருக்குத் தெரியும். அடுத்த கணம் அவர் இன்னொரு வரியைப் படித்துவிட்டார்.

“அப்போ கோட்டுக்குக் கீழ யார் வர்றா?”

“நான்.”

“திங்கக்கிழமையே தெரியுமாம்” என்றாள் அக்கா.

அத்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இருமல் வந்தது. கைக்குத் தலையணை அகப்படவில்லை. வெறும் கையாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். அக்காவும் அவளும் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். அக்கா பார்த்த பார்வையில் அவள் நின்றுவிட்டாள்.

இருமல் அடங்க நேரம் ஆனது. அடங்கிய பிறகும் அவர் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். ஜோக் அடிப்பார் என்றும் ஒரு பைத்தியக்கார ஆசை இருந்தது. அத்தான் பேசியபோது, கம்பெனிக்குக் கூப்பிடுகிற முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அந்த நயமான குரல்தான் வந்தது.

“கிளம்புங்க. பஸ் போயிடும்.”

இத்தனை வருடத்தில் அவர் அவளை வாங்க போங்க என்று பேசியதில்லை. அந்தத் தடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. அது அங்கே இருந்த மூவருக்கும் தெரியும். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.